மூணு வருஷம், நாலு மேட்ச்: காலேஜ் கூடைப்பந்தும் நாக்அவுட் கணக்கும்

போன ஆகஸ்டில் ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்தேன். குற்றாலத்தில் சீசன் முடியும் நேரம். அக்கா வீடு தென்காசியில். அக்கா மகள் டிகிரி மூன்றாம் வருஷம், காலேஜ் பாஸ்கெட்பால் டீமில் கார்டு ஆடுகிறாள். நான் போயிருந்த வாரத்தில்தான் அவளுக்கு காலேஜ்களுக்கு இடையிலான போட்டி, வெளியூரில். காலை ஐந்தரைக்கு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது. பத்தே முக்காலுக்கு எனக்கு போன்.

"மாமா, முடிஞ்சிட்டு. கிளம்பிட்டோம்."

"என்னம்மா, அதுக்குள்ளயா?"

"மொத மேட்ச்லயே தோத்தாச்சு மாமா. அவ்வளவுதான், இந்த வருஷம் முடிஞ்சுது."

சாயங்காலம் பழைய குற்றாலம் பக்கம் போய் உட்கார்ந்திருந்தோம். அருவியில் தண்ணீர் சுமாராகத்தான் இருந்தது. எண்ணிப் பார்த்துச் சொன்னாள்: "மூணு வருஷத்துல மொத்தம் நாலு மேட்ச் மாமா. ஒண்ணு ஜெயிச்சோம், மூணு தோத்தோம்." ஒரு மேட்ச் 40 நிமிடம். ஆக 160 நிமிடம். மூன்று வருஷமாகக் காலை ஆறு மணிக்கு எழுந்து, சாரலில் வழுக்கும் சிமெண்ட் கோர்ட்டில் ஓடியதற்குக் கிடைத்த மொத்த ஆட்டம் மூன்று மணி நேரம்கூட இல்லை.

தோற்றால் வெளியே போகத்தானே வேண்டும், அதுதானே விளையாட்டு என்று பலர் சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பின் நோக்கம்.

பேப்பர் பென்சில் கணக்கு

நாக்அவுட்டில் ஒவ்வொரு மேட்ச்சும் ஒரு டீமை வெளியே அனுப்புகிறது. 16 டீம் வந்தால், 15 டீம் வெளியே போனால்தான் ஒரு சாம்பியன் மிஞ்சும். ஆகவே 15 மேட்ச். முதல் சுற்றிலேயே 8 டீம் வீட்டுக்குப் போய்விடும். அதாவது வந்தவர்களில் சரிபாதிப் பேருக்கு ஒரே ஒரு மேட்ச். ஒரு டீமுக்குச் சராசரி என்று பார்த்தால் 30-ஐ 16-ஆல் வகுக்க வேண்டும்: 1.875. டீம் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும் இந்தச் சராசரி இரண்டைத் தொடவே தொடாது.

அதே 16 டீமை நாலு நாலாகப் பிரித்து லீக் வைத்தால், ஒரு குரூப்புக்கு 6 மேட்ச், நாலு குரூப்புக்கு 24. பிறகு அரையிறுதி 2, இறுதி 1. மொத்தம் 27. நாக்அவுட்டைவிட 12 மேட்ச் கூடுதல். இரண்டு கோர்ட் இருந்தால் ஒன்றரை நாளில் அடக்கிவிடலாம். ஆனால் எந்த டீமும் மூன்று மேட்ச்சுக்குக் குறையாமல் ஆடும். ஒன்றரை நாளை மிச்சம் பிடிக்க எட்டு காலேஜ் பிள்ளைகளின் ஒரு வருஷத்தைச் செலவழிக்கிறோம் என்றுதான் இதற்கு அர்த்தம்.

அமெரிக்காவிலும் நாக்அவுட்தானே?

இந்தக் கேள்வியை ஒரு நண்பர் கேட்டார். மார்ச் மாதம் ராத்திரி கண்விழித்து அமெரிக்க காலேஜ் கூடைப்பந்து பார்க்கிற ஆள். அவர் சொன்னது உண்மைதான். அங்கே காலேஜ்கள் கான்ஃபரன்ஸ் என்ற பெயரில் குழுக்களாகச் சேர்ந்து ஆடுகின்றன. சீசன் முடிவில் ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் தனக்குள் ஒரு நாக்அவுட் போட்டி வைக்கும். அதில் ஜெயிக்கும் காலேஜ் நேராகத் தேசியப் போட்டிக்குப் போகும். 2024-இல் தேசியப் போட்டியில் 68 டீம் ஆடின.

ஆனால் "சீசன் முடிவில்" என்பதைக் கவனிக்க வேண்டும். 2024-இல் வட கரோலினா ஸ்டேட் என்ற பல்கலையின் ஆண்கள் டீம் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் பத்தாவது இடத்தில் இருந்தது. கடைசி நாலு ஆட்டமும் தோல்வி. அப்படியே போட்டிக்குப் போய், ஐந்து நாளில் ஐந்து மேட்ச் ஜெயித்துக் கோப்பையை எடுத்தது. பிறகு தேசியப் போட்டியில் கடைசி நாலு டீமில் ஒன்றாகவும் வந்தது. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த நாக்அவுட்டுக்குள் நுழையும் முன்பே அவர்கள் 31 மேட்ச் ஆடியிருந்தார்கள். முதல் நாளே தோற்றிருந்தாலும் அந்தப் பையன்களுக்கு ஒரு சீசன் கையில் இருந்திருக்கும்.

அங்கே நாக்அவுட் என்பது சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பாயசம். நம் ஊரில் இலை போட்டு, பாயசத்தை ஒரு கரண்டி ஊற்றி, எழுந்திரு என்கிறோம்.

அங்கேயும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. 1974-இல் இதே கான்ஃபரன்ஸின் இறுதி ஆட்டத்தில் மேரிலாண்ட் டீம் கூடுதல் நேரத்தில் 103-100 என்று வட கரோலினா ஸ்டேட்டிடம் தோற்றது. மேரிலாண்ட் அப்போது தேசிய அளவில் முதல் ஐந்துக்குள் இருந்த டீம். ஆனால் ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து ஒரே டீம்தான் போகலாம் என்பது அன்றைய விதி. மூன்று புள்ளியில் அவர்களின் தேசியப் போட்டிக் கனவு போய்விட்டது. ஜெயித்த டீம் அந்த வருஷம் தேசிய சாம்பியனே ஆனது. அடுத்த வருஷமே, 1975-இல், தேசியப் போட்டியை 32 டீமாக விரித்து, ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட டீமுக்கும் இடம் கொடுத்தார்கள். ஒரு அநியாயம் கண்ணில் பட்டது, விதி மாறியது.

இன்னொரு உதாரணம் ஐவி லீக். எட்டு காலேஜ், ஒவ்வொன்றும் மற்ற ஏழோடு இரண்டு முறை, மொத்தம் 14 மேட்ச். அந்த 14 போதும், தனியாக நாக்அவுட் எதற்கு என்று பல ஆண்டுகள் இருந்தார்கள். 2017-இல்தான் அவர்களும் நாலு டீம் போட்டியை ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் பிரின்ஸ்டன் 14-க்கு 14 ஜெயித்து வந்திருந்தது. அரையிறுதியில் எதிரே வந்த பென், ஆறு ஜெயித்து எட்டு தோற்ற டீம். ஆட்டம் நடந்ததோ பென்னின் சொந்த அரங்கில். கூடுதல் நேரம் வரை போய்த்தான் பிரின்ஸ்டன் தப்பித்தது. அன்றைக்குத் தோற்றிருந்தால் 14 வெற்றிக்கும் மதிப்பில்லை.

சுவாரசியம் எங்கிருந்து வருகிறது

நாக்அவுட்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் பெரிய காரணம், யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம் என்ற பரபரப்பு. இதையும் கணக்காகப் பார்க்கலாம். 16 டீமில் சாம்பியன் ஆக நாலு மேட்ச் தொடர்ந்து ஜெயிக்க வேண்டும். சிறந்த டீம் எந்த டீமையும் நூற்றுக்கு 80 முறை ஜெயிக்கும் என்று வைத்துக்கொள்வோம். நாலும் ஜெயிக்கும் வாய்ப்பு 0.8-ஐ நாலு முறை பெருக்கினால் வரும்: சுமார் 41 சதவீதம். அதாவது பாதிக்கு மேல் வேறு யாரோதான் கோப்பையை எடுப்பார்கள். பரபரப்புதான்.

ஆனால் நம் ஊர்ப் போட்டிகளில் பெரிய டீமுக்கும் சின்ன டீமுக்கும் உள்ள தூரம் 80-20 இல்லை. ஒரு பக்கம் ஸ்காலர்ஷிப் கொடுத்து எடுத்த பிள்ளைகள், ஹாஸ்டல், கோச், இன்டோர் கோர்ட். மறுபக்கம் பஸ்ஸில் வந்து போகிற பிள்ளைகள், ஒரு பி.டி. சார், அவரேதான் கபடிக்கும் வாலிபாலுக்கும். இங்கே 95-5 என்று வைத்தால், சாம்பியன் ஆகும் வாய்ப்பு 81 சதவீதம். பரபரப்பும் இல்லை, ஆட்டமும் இல்லை.

ஆக, டீம்கள் ஓரளவு சமமாக இருந்தால்தான் நாக்அவுட் ருசிக்கும். சமமாவதற்கு மேட்ச் ஆடியாக வேண்டும். பிராக்டிஸில் வராத பாடம் மேட்ச்சில்தான் வரும்: பிரஸ் போட்டால் பந்தை எப்படி வெளியே கொண்டு வருவது, நாலு ஃபவுல் வாங்கிய பிறகு எப்படி ஆடுவது. வருஷத்துக்கு ஒரே மேட்ச் ஆடும் டீம் அந்தப் பாடத்தை அந்த ஒரு மேட்ச்சிலேயே கற்று, அதிலேயே தோற்று, மறு வருஷத்துக்குள் மறந்தும் விடுகிறது. சீனியர் பிள்ளைகள் வெளியே போய்விடுகிறார்கள்.

காலேஜ் ஜெயிக்கும், பல்கலை போகும்

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் கான்ஃபரன்ஸ் போட்டியில் ஜெயித்த காலேஜே அப்படியே அடுத்த கட்டத்துக்குப் போகிறது. இங்கே இணைப்புக் கல்லூரிகளின் போட்டி முடிந்ததும், ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துப் பல்கலை டீம் ஒன்று அமைப்பார்கள். அந்த டீம்தான் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் போட்டிக்குப் போகும். 1925-இல் தொடங்கிய சங்கம் அது. நாட்டை நாலு மண்டலமாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்திலும் முதல் நாலு இடம் பிடிக்கும் பல்கலைகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகின்றன. மண்டலப் போட்டியின் கடைசிக் கட்டத்தில் நாக்அவுட்டை நிறுத்திவிட்டு லீக் வைப்பார்கள். மேலே இருப்பவர்களுக்கு லீக்கின் அருமை தெரிந்திருக்கிறது. கீழே இருக்கிற பிள்ளைக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை.

இதனால் காலேஜ் போட்டிக்கு இரண்டு வேலை. ஒன்று சாம்பியனைக் கண்டுபிடிப்பது. இரண்டு, நல்ல ஆட்டக்காரரைக் கண்டுபிடிப்பது. முதல் வேலையை நாக்அவுட் எப்படியோ செய்துவிடும். இரண்டாவது வேலைக்கு அது சுத்தமாக லாயக்கில்லை. முதல் சுற்றில் தோற்ற டீமில் ஒரு நல்ல கார்டு இருந்தால் தேர்வாளர் அவளை 40 நிமிடம் பார்த்திருப்பார். அதுவும் பக்கத்து கோர்ட்டில் வேறு மேட்ச் நடக்காமல் இருந்தால்.

இதில் வேலையும் அடங்கியிருக்கிறது. மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டு விதிகளில், பல்கலைகளுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்காக ஆடியவருக்கு ஒரு படிவம் உண்டு, படிவம் 3 என்பார்கள். காலேஜுக்காக மட்டும் ஆடியவருக்கு அதில் இடமில்லை. அந்தக் கோட்டைத் தாண்டுவதும் தாண்டாததும் தென்காசிப் பக்கத்து ஒரு பிள்ளைக்கு வெறும் கௌரவப் பிரச்சினை கிடையாது. ரயில்வே வேலையா, கடை வேலையா என்ற பிரச்சினை.

அஞ்சு சனிக்கிழமை

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. தென்காசி, குற்றாலம், ஆய்க்குடி, சுரண்டை, ஆலங்குளம், கடையநல்லூர் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்க் காலேஜ்களில் ஆறை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரோடு ஒருவர் ஒரு முறை ஆடினால் 15 மேட்ச். சனிக்கிழமைக்கு மூன்று மேட்ச், ஐந்து சனிக்கிழமை. ஒவ்வொரு டீமுக்கும் ஐந்து மேட்ச். முதல் இரண்டு டீம் பெரிய நாக்அவுட்டுக்குப் போகட்டும். தேர்வாளர் ஒருவர் இரண்டு சனிக்கிழமை வந்து உட்கார்ந்தால் ஆறு டீமையும் பார்த்துவிடலாம். திருநெல்வேலிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் வேன் பிடித்துப் போகும் செலவில் பாதிகூட ஆகாது. பெண் பிள்ளைகள் சாயங்காலம் ஆறு மணிக்குள் வீட்டில் இருப்பார்கள். பல வீடுகளில் அனுமதி கிடைப்பதும் கிடைக்காததும் அதில்தான் இருக்கிறது.

எதிர்வாதமும் உண்டு. செமஸ்டர், வருகைப்பதிவு, நடுவர் சம்பளம், ஏற்கெனவே மூச்சு முட்டும் பி.டி. சாருக்கு இன்னும் ஐந்து சனிக்கிழமை. எல்லாம் நியாயமான பேச்சு. சாரல் வந்தால் மேட்ச் தள்ளிப்போகும், அதுவும் உண்மை. ஆனால் தள்ளிப்போன மேட்ச்சைப் பிறகு ஆடிக்கொள்ளலாம். நாக்அவுட்டில் போன வருஷத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியதற்குக் காரணம், பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாமல் அடைந்து கிடந்த ஒரு வகுப்பு மாணவர்களுக்கு ஆட ஏதாவது வேண்டும் என்பது. வகுப்பில் 18 பேர். பக்கத்துக்கு ஒன்பது பேராக எல்லோரையும் இறக்கிவிட்டார். ஒருவரையும் வெளியே உட்கார வைக்கவில்லை.

திரும்பி வரும்போது மருமகள் கேட்டாள்: "நீங்க எத்தனை மேட்ச் மாமா?" எண்ணிப் பார்த்தேன். பி.ஈ. நாலு வருஷம், ஆறு மேட்ச். இரண்டு ஜெயித்தோம், நாலு தோற்றோம். "அப்ப இருபத்தஞ்சு வருஷமா ஒண்ணும் மாறலியா?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

காலேஜில் ஏதாவது ஆட்டம் ஆடியவர்கள் உங்கள் மேட்ச்சை எண்ணிப் பாருங்கள். இதைப் படிப்பவர்களில் பி.டி. சார், மேடம் யாராவது இருந்தால், அந்த அஞ்சு சனிக்கிழமையை ஒரு தடவை முயன்று பாருங்கள். ஃபிக்ஸ்சர் போட்டுத் தர நான் தயார்.