ஆகாயத்தில் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

பறக்கும் தட்டு புத்தகம் என்றாலே அட்டையில் பச்சை நிறப் பெருந்தலையன் ஒருத்தன் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்பான். அமெரிக்கப் பத்திரிகையாளர் லெஸ்லி கீன் 2010-ல் எழுதிய ‘யூஎஃப்ஓஸ்’ புத்தகத்தில் அந்த ஆசாமி கிடையாது. ஜெனரல்கள், பைலட்டுகள், அரசு அதிகாரிகள் பேசுகிறார்கள். முன்னுரை, கிளிண்டன் காலத்து வெள்ளை மாளிகையில் பெரிய பதவி வகித்த ஜான் பொடஸ்டா. கனமான ஜமாதான்.

அதில் ஒரு பிரபல கேஸ். 1986 நவம்பர் 17. ஜப்பான் ஏர்லைன்ஸின் சரக்கு ஜம்போ, பிரெஞ்சு ஒயினோடு அலாஸ்கா மேலே பறக்கிறது. கூடவே சில விளக்குகள். அப்புறம் தன் விமானத்தைவிடப் பல மடங்கு பெரிய உருவம் ஒன்று பின்தொடர்ந்ததாக கேப்டன் தெராவுச்சி சொன்னார். கூட இருந்த இருவரும் விளக்குகளைத்தான் பார்த்தார்கள். போய்ப் பார்க்கச் சொன்ன யுனைடெட் விமானத்துக்கு எதுவும் தட்டுப்படவில்லை. ரேடார் புள்ளி, ஜம்போவின் சொந்த எதிரொலியே இரண்டாகப் பிரிந்து தெரிந்தது என்றது அமெரிக்க விமானத்துறை. அங்கே அதிகாரியாக இருந்த ஜான் காலஹன் இந்தப் புத்தகத்தில் அதை ஏற்க மறுக்கிறார்.

வானத்தை பைலட்டைவிட அறிந்த சாட்சி யார் என்பது கீனின் வாதம். சறுக்குவது இங்கேதான். கண்ணில் பட்டது என்னவென்று ஆராய பைலட்டுக்கு நேரம் ஏது? மோதுமோ என்று தோன்றினால் முதலில் விலகணும். 2011 ஜனவரியில் அட்லாண்டிக் மேலே, குட்டித் தூக்கம் கலைந்த ஏர் கனடா துணை பைலட், வீனஸ் கிரகத்தை எதிரே வரும் விமானம் என்று நினைத்தார். பிறகு கீழே நிஜமாகவே வந்த விமானம் மோத வருவதாகப் பயந்து மூக்கைச் சடாரென்று இறக்க, 16 பேருக்குக் காயம். வெள்ளி பாட்டுக்கு கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி தேமே என்று இருந்தது!

அதற்காக எல்லாமே பிரமை என்று கடையைக் கட்டிவிடவும் முடியாது. 1995 ஜனவரி 6, மான்செஸ்டரில் இறங்கப்போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் வலப்பக்கம் ஏதோ ஒன்று விர்ரென்று கடந்தது. துணை பைலட் தன்னையறியாமல் தலையைக் குனிந்துகொண்டார். ரேடாரில் ஒன்றுமில்லை. விசாரித்த குழு, ‘தெரியவில்லை’ என்று எழுதியதோடு, புகார் செய்த பைலட்டுகளைப் பாராட்டவும் செய்தது.

பி.காம். படித்தவர்களுக்கு இது புரியும். கணக்கில் தொகை டாலியாகவில்லை என்றால் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைப்போம். கீன் அதை லாபக் கணக்கில் ஏற்றப் பார்க்கிறார். கேலிக்காரர்கள் வாராக்கடன் என்று கழித்துவிடுகிறார்கள். இரண்டுமே தப்பு.

ஆனால் கீன் கேட்பது சின்ன விஷயம்: விசாரிக்க ஓர் அலுவலகம். கேலிக்குப் பயந்து ஆட்கள் வாய் திறப்பதில்லை என்று 2023-ல் நாசாவின் குழுவும் சொன்னது. பார்த்தது பலூனோ, டிரோனோ, வெள்ளியோ... எதுவானாலும் பைலட் சொன்னால்தானே தெரியும்? பின்னால் இருநூறு பேர் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், சார்.