நா வழிக்கையில் கண்ட உலகங்கள்: பெரியாழ்வார் திருமொழியில் பிள்ளை வளர்ப்பு

திருப்பல்லாண்டின் 12 பாசுரங்களையும் சேர்த்துப் பெரியாழ்வார் அருளிச்செய்தவை 473. அவற்றுள் ஏறக்குறையப் பாதி, கண்ணன் பிறந்தது முதல் கன்று மேய்த்துத் திரும்புவது வரையுள்ள பருவங்களிலேயே நிலைகொண்டிருக்கிறது. இந்தப் பகுதியைப் பற்றி இக்காலத்தில் எழுதப்படுவனவும் பேசப்படுவனவும் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பற்றுகின்றன. இலக்கிய வரலாறு எழுதுவோர் இதைப் பிள்ளைத்தமிழுக்கு முன்னோடி என்று குறித்து, 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழுக்குப் போய்விடுகின்றனர். உபந்யாஸம் செய்வோர் பாசுரத்தை ஒருமுறை சேவித்துவிட்டு உடனே ஸ்வாபதேசத்தில் இறங்குகின்றனர்: வெண்ணெய் என்றால் ஆத்மா, தயிர்த்தாழி என்றால் சரீரம் என்று. இரு சாராரும் தாண்டிச் செல்வது ஒன்றையே. அது யசோதையின் வீட்டு வேலை.

ஸ்வாபதேசம் தவறன்று, பூர்வாசாரியர்கள் காட்டிய வழிதான் அது. ஆயினும் அவர்கள் எதை முதலில் செய்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். இத்திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வியாக்கியானத்தின் பெரும்பகுதி லுப்தமாகிவிட, அந்தக் குறையை நிரப்பியவர் மணவாள மாமுனிகள் (1370–1443). அவருடைய உரையில் ஊன்றியிருப்பவர் காண்பது, பிள்ளையின் சேஷ்டிதத்தையும் தாயின் உள்ளத்தையும் சொல்லுக்குச் சொல் பின்தொடரும் ஒரு பொறுமை. தத்துவம் அங்கே இல்லாமலில்லை. தொட்டிலை நகர்த்திவிட்டு அதன் இடத்தில் வந்து உட்காரவில்லை, அவ்வளவே. உள்ளுறையைத் தேடும் அவசரத்தில் சொற்பொருளை இழப்பவர், ஆழ்வார் எதைக் கொண்டு பரத்வத்தைப் பேசினார் என்பதையே இழக்கிறார்.

பிறப்பைச் சொல்லும் முதல் திருமொழியை எடுத்துக்கொள்ளலாம். எண்ணெயும் மஞ்சட்பொடியும் தூவித் தூவி முற்றம் சேறாகிறது, உறிகள் உருளுகின்றன, பாலும் தயிரும் நெய்யும் இறைபடுகின்றன. இந்த அமளி அடங்கியபின் ஆறாம் பாசுரத்தில் யசோதை பிள்ளையை நீராட்டுகிறாள். கையையும் காலையும் நீட்டி நிமிர்த்தி, காய்ச்சிய நீரை மெல்ல வார்த்து, இளமஞ்சளால் நாக்கை வழிக்கிறாள். நா வழிப்பதற்காகப் பிள்ளை வாய் திறக்கிறது. உள்ளே ஏழுலகும் தெரிகிறது.

ஸ்ரீமத் பாகவதத்தில் இந்தக் காட்சி தசமஸ்கந்தத்தில் இருமுறை வருகிறது: பால் குடித்த பிள்ளை கொட்டாவி விடும்போது ஒருமுறை, மண் தின்றான் என்று கேட்டுத் தாய் வாயைத் திறக்கச் சொல்லும்போது மறுமுறை. பின்னதில் ஒரு விசாரணை இருக்கிறது, குற்றச்சாட்டு இருக்கிறது. கண்ட தாய் மயங்கித் தத்துவம் பேசத் தொடங்குகிறாள். பிறகு வைஷ்ணவீ மாயை அவள் நினைவை மறைக்க, முன்போல் பிள்ளையை மடியில் எடுத்துக்கொள்கிறாள். அங்கே தாய்மை தொடர்வதற்கு மறதி வேண்டியிருக்கிறது. ஆழ்வார் பாசுரத்தில் விசாரணை இல்லை, மாயையும் இல்லை. பிறந்து சில நாளே ஆன சிசுவுக்குத் தினமும் செய்கிற பணியின் நடுவில் உலகங்கள் தென்படுகின்றன. வாயினுள் வையம் கண்ட பெண்கள், இவன் ஆயர் பிள்ளையல்லன், தெய்வமே என்று சொல்லி மகிழ்கிறார்கள். மகிழ்ந்தவர்கள் எதையும் மறந்ததாக ஆழ்வார் சொல்லவில்லை. அடுத்த பாசுரத்தில் பன்னிரண்டாம் நாள் சடங்கு நடக்கிறது. மலையைத் தாங்கியவன் என்று தெரிந்தே அவனை ஆயர்கள் கைகளில் ஏந்தி உகக்கிறார்கள்.

அதற்கும் அடுத்த ஒன்பதாம் பாசுரத்தில் யசோதை பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அலுத்துக்கொள்கிறாள். தொட்டிலில் கிடத்தினால் அது கிழியும்படி உதைக்கிறான். இடுப்பில் எடுத்தால் இடுப்பு ஒடிகிறது. இறுக அணைத்தால் வயிற்றில் பாய்கிறான். மிடுக்கு இல்லாமையால் தான் மெலிந்துபோனதாகச் சொல்கிறாள். யாருக்கு மிடுக்கு இல்லை? தொடரில் அது வெளிப்படையாக இல்லை. இக்காலத்தவர் படித்தவுடன் கொள்ளும் பொருள், தாய்க்கு வலுவில்லை என்பது. தூக்கமிழந்த எந்தத் தாயும் அப்படித்தான் சொல்வாள். சொல்லமைதியும் அதற்கு இடங்கொடுக்கிறது. உரைவழியிலோ, இத்தனை சேஷ்டைகளையும் தாங்கும் வலு இந்தப் பச்சைப் பிள்ளைக்கு இல்லையே என்று நினைந்து நினைந்து தாய் இளைத்தாள் என்று பொருள் கொள்ளப்படுகிறது. உரையின் நுட்பம் இங்கே புலனாகும். தன் உடல் நோவைச் சொல்லவந்தவளின் பேச்சே பிள்ளைக்கான கவலையாக மாறுகிறது. உதைத்துத் தொட்டிலைக் கிழிப்பவனுக்கு வலுவில்லை என்று கவலைப்படுவது முரண்தான். மூன்று பாசுரங்களுக்கு முன் ஏழுலகையும் அவன் வாயில் கண்டவர்களின் வீட்டில் அந்த முரண் இன்னும் பெரிது. ஞானநிலையில் காப்பவன், காக்கப்படுபவன் என்ற முறை உள்ளபடி நிற்கும், காதல்நிலையில் அது இடம் மாறும் என்று பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசநபூஷணத்தில் காட்டிய நெறிக்குப் பெரியாழ்வாரின் மங்களாசாசனத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். திருப்பல்லாண்டு வரை போகவேண்டுவதில்லை. இந்தத் தொட்டிலே போதும்.

அம்புலியை அழைக்கும் திருமொழி இதற்கு இன்னொரு சான்று. அதன் ஆறாம் பாசுரத்தில் தண்டும் சக்கரமும் சார்ங்கமும் ஏந்திய கையன் என்று பிள்ளையைச் சொன்ன வாயாலேயே, அவன் கண்வளரக் கருதிக் கொட்டாவி விடுகிறான் என்கிறாள் தாய். சந்திரனுக்கு அவள் சொல்லும் காரணம் எந்தச் சாஸ்திரத்திலும் இல்லாதது: உறங்காவிட்டால் உண்ட முலைப்பால் செரிக்காது, ஆகையால் விரைந்து வா. அடுத்த பாசுரத்தில் இவனைச் சிறுபிள்ளை என்று எளிதாக எண்ணாதே, ஆலிலைமேல் கிடந்தவன் இவனே என்கிறாள். அதற்கடுத்து, இவன் சிறுமை எத்தகையது என்று மாவலியிடம் போய்க் கேட்டறிந்துகொள் என்று மிரட்டுகிறாள். பிரளயத்தில் உலகனைத்தையும் உண்டு கிடந்தவனுக்கு ஒரு முலைப்பால் செரிக்குமா என்ற கவலையும், திருவிக்கிரம சரித்திரத்தின் நினைவும் அவளிடம் மோதிக்கொள்ளவில்லை. வராத சந்திரனை வரவழைக்க அவள் கையிலுள்ள கருவிகளில் பரத்வமும் ஒன்று. பெருமையை அறியாத பேதைமையால் யசோதை கொஞ்சினாள் என்ற எளிய விளக்கம் இந்த இடத்தில் நிற்காது.

நீராட அழைக்கும் திருமொழியில் வீட்டுப் பொருள்களின் வரிசையே அமைந்திருக்கிறது: எண்ணெய், புளி, மஞ்சள், சாந்து, அஞ்சனம், பாலும் வெல்லமும் கலந்த சிற்றுண்டி. கட்டெறும்பைப் பிடித்துக் கன்றின் காதில் விட்டால் கன்றுகள் வெருண்டோடிப் போகும், பிறகு விழுங்க வெண்ணெய் ஏது என்று கேட்கிறாள். பிள்ளைக்குப் புரிகிற தர்க்கம் அது ஒன்றே. மாட்டுத் தொழுவத்தில் புழுதி அளைந்த அந்தத் திருமேனியைக் காண்பதில் தனக்கு மிகுந்த உகப்பு என்று ஒப்புக்கொண்டு, ஆனாலும் பார்ப்பவர்கள் பழிப்பார்கள், நப்பின்னை கண்டால் சிரிப்பாள் என்று முடிக்கிறாள். தாய்க்கு அழுக்கு வேண்டும். ஊருக்காகக் குளிப்பாட்ட வேண்டும். இந்த இரட்டை மனத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன இடம் அருளிச்செயலில் வேறில்லை எனலாம்.

இதே திருமொழியில் பிறந்த நாள் திருவோணம் என்று வருகிறது. கண்ணனுக்கு ரோகிணியன்றோ என்ற கேள்வி எழும். பாதாதிகேசத் திருமொழியில் அஸ்தத்திலிருந்து பத்தாவது நாள் என்று பிறந்த நாள் குறிக்கப்படுகிறது. அஸ்தத்தை முதலாக வைத்து முன்னோக்கி எண்ணினால் பத்தாவது திருவோணம். பின்னோக்கி எண்ணினால் ரோகிணி. கம்ஸன் முதலானோர்க்குப் பிள்ளையின் நட்சத்திரம் தெரிந்துவிடலாகாது என்ற அச்சத்தால் இப்படி மறைத்துச் சொன்னதாக உரை வழங்குகிறது. இதை வெறும் சமாதானம் என்று ஒதுக்குவோர் உண்டு. பாசுரத்தின் இயல்போ உரைக்குத் துணை நிற்கிறது. கண்ணெச்சிலுக்கு அஞ்சிப் பிள்ளையின் வயதையும் எடையையும் மாற்றிச் சொல்லும் வழக்கம் தமிழ் வீடுகளில் அற்றுப்போய்விடவில்லை.

காது குத்தும் திருமொழி கேசவன் தொடங்கிய பன்னிரு திருநாமங்களையும் அடைவே கொண்டது. ஒவ்வொரு நாமத்தையும் சொல்லி அழைத்துத் திரியிடப் பார்க்கிறாள். காது நோகும் என்று பிள்ளை விலகுகிறான். சேரிப் பிள்ளைகளெல்லாம் காது பெருக்கித் திரிவதைப் பார் என்கிறாள். அயல்வீட்டார் முறையிடும் பாசுரங்களில் வெண்ணெயை விழுங்கிவிட்டு வெறுங்கலத்தைக் கல்லில் போட்டு ஓசை கேட்கும் பிள்ளை வருகிறான். இன்னொருத்தியின் மகள் கைவளையைக் கழற்றிப் பழம் விற்பவளிடம் கொடுத்து நாவற்பழம் வாங்கிக்கொண்டு, நானல்லேன் என்று சிரிக்கிறான். இவற்றுக்கு விளக்கவுரை தேவையில்லை.

வீட்டு வேலையே அனைத்தையும் தாங்குகிறது என்ற இக்கருத்துக்கு எதிராக ஒரு திருமொழியைக் காட்டலாம். மூன்றாம் பத்தின் தொடக்கத்தில், பிள்ளையின் செயல்களை எண்ணிப் பார்த்த யசோதை, உன்னை இன்னான் என்று அறிந்துகொண்டேன், இனி உனக்கு முலை தர அஞ்சுகிறேன் என்று பாசுரந்தோறும் சொல்கிறாள். இங்கே அறிவு அன்பை வென்றுவிட்டது போலத் தோன்றும். ஆனால் அத்திருமொழியைத் தனியே பிரித்து வாசிக்கலாகாது. அடுத்த திருமொழி முழுவதும், பிள்ளையைக் கன்றின் பின்னே காட்டுக்கு அனுப்பிவிட்டேனே என்ற புலம்பல். குடையும் செருப்பும் கொடாமல், பரற்கல் உறுத்தும் வெங்காட்டில் கால் நோவப் போகவிட்டேன், கொடியேன் என்கிறாள். அஞ்சியவள் ஒரு திருமொழி கழிவதற்குள் செருப்புக்காக அழுகிறாள். அச்சம் உண்மையே, அது அவள் கையைக் கட்டிப்போடவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில் துளசியடியில் கோதையைக் கண்டெடுத்து வளர்த்த அநுபவத்திலிருந்தே ஆழ்வாருக்கு இந்த நுட்பங்கள் வந்தன என்று சிலர் எழுதுவர். கேட்க இனிதாயிருப்பினும் பாசுரங்களின் காலமுறையைக் கொண்டு அதை நிறுவ வழியில்லை. யசோதையின் நிலையை ஏறிட்டுக்கொண்டு பேசுகிறார் என்று உரையாசிரியர் கொள்வதே போதுமானது.

காப்பிட அழைக்கும் திருமொழி திருவெள்ளறை எம்பெருமானை நோக்கியது. அந்தி வந்துவிட்டது. கன்றுகள் வீடு வந்து சேர்ந்தன, பசுக்கள் கதறுகின்றன, கறக்கவும் போகாமல் உன்னைக் கூவிக்கொண்டே நிற்கிறேன், உனக்கு என்மேல் நேசமே இல்லை, இந்த நேரத்தில் மன்றில் நிற்காதே என்கிறாள். கோயிலில் நிற்கும் அர்ச்சாமூர்த்தியை, விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு திரும்பாத பிள்ளையாக ஆழ்வார் காண்கிறார். நீராட்டம், பூச்சூட்டல், காப்பிடல் ஆகிய இத்திருமொழிகள் நித்யாநுஸந்தானத்தில் இடம் பெற்றதும் இதனாலேயே பொருந்துகிறது. திருவாராதனம் செய்பவர் திருமஞ்சனத்தின்போது, யசோதை எண்ணெயும் புளியுமாகக் காத்திருந்த பாசுரங்களையே சேவிக்கிறார். ஆராதனத்துக்கு உவமையாக ஒரு தாயின் பணி சொல்லப்படவில்லை. அந்தப் பணியின் சொற்களே ஆராதனத்தின் சொற்களாயின. இவற்றைத் தலைக்கட்டி விரைந்து முடிக்கும் இன்றைய வழக்கம் வருந்தத்தக்கது.

யசோதை பெற்றது எவ்வளவு என்பதை அளந்து காட்டியவர் குலசேகராழ்வார். பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழியில் பேசுபவள் தேவகி. அறியாமை என்ற குறை தேவகிக்கு இல்லை. சிறையில் நான்கு தோள்களோடும் ஆயுதங்களோடும் தோன்றியவனைக் கண்டவள் அவள். அந்த உருவை மறைத்துக்கொள்ளும்படி வேண்டியவளும் அவளே என்று புராணம் சொல்லும். யசோதை நா வழிக்கையில் ஒருகணம் கண்டதை இவள் பிறப்பின்போதே முழுமையாகக் கண்டாள். ஆனால் குலசேகரர் கேட்ட புலம்பலில் அந்தக் காட்சிக்கு இடமில்லை. தாலாட்டவில்லை, பிள்ளை உண்டு சிந்திய சோற்றின் மிச்சம் கிடைக்கவில்லை, கயிற்றால் கட்டுண்டு அஞ்சி அழுது வாய் நெளித்ததைக் காணவில்லை. உறவுப் பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் மடியில் இருத்தி, உன் தகப்பன் யார் என்று கேட்க, பிள்ளை விரலாலும் கடைக்கண்ணாலும் சுட்டிக்காட்டுகிறது. அப்படிக் காட்டப்படும் பேறு நந்தகோபனுக்குக் கிடைத்தது, வசுதேவருக்குக் கிடைக்கவில்லை என்று தேவகி கணவனுக்காகவும் சேர்த்து அழுகிறாள்.