வயது வந்தவள் யார்? – ‘பேரன்பு’ திரைப்படமும் யோவான் 9ஆம் அதிகாரமும்

திரைப்படம் ஒன்றை இறையியல் ஏட்டில் ஆராய்வது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். எனினும், இயக்குநர் ராம் உருவாக்கி, 2019 பிப்ரவரியில் திரையரங்குகளுக்கு வந்த ‘பேரன்பு’, நம் அருளுரைகள் தொடத் தயங்கும் ஒரு வினாவைத் தொடுகிறது. உடலிலோ அறிவிலோ குறைபாட்டுடன் பிறந்த பிள்ளை வளர்ந்துவிட்டபின் என்ன செய்வது? குழந்தைக்குப் பள்ளி உண்டு. குழந்தைக்காக மன்றாட்டும் உண்டு. பதினெட்டு வயதைக் கடந்தவருக்கு நாம் வைத்திருப்பது என்ன?

கதை நாமறிந்ததே. அயல்நாட்டில் பொருளீட்டி வந்த அமுதவன், மனைவி பிரிந்து சென்றபின், மூளை முடக்குவாதமுற்ற தன் மகள் பாப்பாவைத் தனியே வளர்க்கும் பொறுப்பை ஏற்கிறான். மகளுக்கு அவன் அந்நியன். அவளை மகிழ்விக்க அவன் ஆடியும் பாடியும் குரல்மாற்றியும் தோற்று ஓயும் நீண்ட காட்சியில் மம்முட்டியின் நடிப்பு தமிழ்த் திரையுலகில் அரிதானது. பின்னர் அவள் பூப்பெய்துகிறாள். தந்தை செய்ய இயலாத பணிகள் பெருகுகின்றன. காப்பகம் ஒன்றில் சேர்த்து, அங்கு நிகழும் கொடுமையைக் கண்டு மீட்டு வருகிறான். மகளுடைய உடலின் விழைவை உணர்ந்து, பாலியல் தொழில் நடக்குமிடத்திற்கே சென்று கேட்டு அடிவாங்குகிறான். இறுதியில் மகளோடு கடலுக்குள் இறங்க முற்படுகையில் மீரா என்னும் திருநங்கை அவர்களைக் காப்பாற்றுகிறாள்.

இப்படத்தின் துணிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. குறைபாடுடைய பெண்ணை என்றும் குழந்தையாகவே காணும் நம் பழக்கத்தை இது உடைத்தது. ‘கடவுளின் குழந்தை’ என்று நாம் அன்போடு சொல்லும் சொல்லிலும் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. குழந்தையிடம் எவரும் கருத்துக் கேட்பதில்லை அன்றோ?

ஆயினும் படம் தான் உடைத்ததைத் தானே மீண்டும் கட்டிவிடுகிறது என்பதே என் மதிப்பீடு. கதையைச் சொல்பவன் அமுதவன். துன்பம் அவனுடையது, முடிவுகளும் அவனுடையவை. பாப்பாவின் குறிப்புகளை அவன் கூர்ந்து நோக்குகிறான். அது உண்மையான அன்பு. ஆனால் எங்கே வாழ விரும்புகிறாள், யாரோடு பழக விரும்புகிறாள், பகற்பொழுதை எவ்வாறு கழிக்க விரும்புகிறாள் என்பவை அவளுடைய வினாக்களாகப் படத்தில் எழவில்லை. வளர்ச்சி என்பது அவள் உடலில் மட்டுமே நிகழ்கிறது. தோழியர், வேலை, கையிற் சிறிது பணம், தானே தெரிந்துகொண்ட ஒரு வழி ஆகிய இவையும் வளர்ந்தோர் வாழ்வின் பகுதிகளே. இவை இல்லாதபோது உடலின் விழைவு ஒன்றே பூதாகாரமாகி, மரணத்தையன்றி வேறு வாயில் தோன்றாமற்போகிறது. கடலோரக் காட்சி நம்மை உலுக்குவது உண்மை. ஆனால் அங்கே சாவைத் தெரிந்துகொண்டது யார்?

இங்குதான் யோவான் 9 நமக்குத் துணைநிற்கிறது. பிறவியிலேயே பார்வையற்ற அம்மனிதனைப் பற்றிச் சீடர் பேசுகின்றனர், அயலார் பேசுகின்றனர், பரிசேயரும் பேசுகின்றனர். அவனோ அதுவரை பிச்சையெடுத்து வந்தவன் (9:8). சமுதாயம் அவனுக்கு அனுமதித்த தொழில் அது ஒன்றே. பின்னர் விசாரணைக்கு அழைக்கப்பட்ட பெற்றோர், மகன் வயதுள்ளவன் என்றும், அவனிடமே கேட்கவேண்டும் என்றும் கூறிவிடுகின்றனர் (9:21). அது அச்சத்தால் வந்த விடை என்பதை நற்செய்தியாளரே குறிப்பிடுகிறார். எனவே நாம் அப்பெற்றோரைக் கோழைகளென்று பிரசங்கித்து அப்பால் சென்றுவிடுகிறோம். ஆனால் அவர்கள் வாயில் வந்த சொல் கோழைத்தனத்தினும் பெரியது. ‘ஹெலிகியா’ என்னும் கிரேக்கச் சொல் வயதையும் குறிக்கும், உடலுயரத்தையும் குறிக்கும். சகேயு குள்ளன் என்று கூறுமிடத்தில் லூக்கா வழங்குவதும் இச்சொல்லே (19:3). அம்மனிதன் தன் முழு உயரத்தோடு நின்று பேசத்தொடங்குவது அவனிடம் நேரே கேட்கப்பட்ட பின்னரே. அதன்பின் அவன் பேச்சில் உள்ள எள்ளலைக் கவனியுங்கள் (9:27). அதற்கு முன் அவனை யார் அவ்வாறு பேசவிட்டார்கள்?

சட்டமும் இவ்விரு குரல்களுக்கிடையே தடுமாறுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்விக்கு உரிமை தருகிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமோ, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு முதலியவற்றை உடையோர்க்குப் பாதுகாவலரை நியமிக்க மாவட்டந்தோறும் குழு அமைக்க வழிசெய்கிறது. இந்தியா 2007இல் ஏற்புறுதி செய்த ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை, இவர்களும் சட்டத்தின்முன் மற்றவரோடு சமமானவர் என்கிறது. நடைமுறையில் பதினெட்டாம் பிறந்தநாளில் பள்ளிக்கதவு மூடிக்கொள்ள, தந்தையின் கையொப்பம் மட்டும் எஞ்சுகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊழியஞ்செய்யும் நமக்கு இது புதிய பாடமன்று. 1991இல் இங்கு அறிவொளி இயக்கம் எழுந்தபோது, எழுத்தறிவு மட்டும் போதாதென்று கண்ட மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் அதனோடு இணைத்தார். வயது வந்த பெண்கள் பல்லாயிரவர் கேலியைப் பொருட்படுத்தாது சாலைக்கு வந்தனர். வகுப்பிற் கற்றது வாழ்வாக மாறுவதற்கு ஒரு வாகனம் தேவை என்பதை நாட்டுக்குக் காட்டியது இந்த வறண்ட மாவட்டம். சிறப்புப் பள்ளியில் பத்தாண்டு கற்ற இளைஞனுக்கு அந்தச் சைக்கிள் எது? கீரமங்கலத்துப் பூச்சந்தைக்குத் தனியே பேருந்தேறிச் சென்று திரும்புவதாக இருக்கலாம். ஒரு கடையில் சில மாதங்கள் உண்மையான வேலையைச் செய்து பார்ப்பதாக இருக்கலாம். பள்ளி முடியும் நாளில் தொடங்கினால் இவற்றிற்குக் காலம் கடந்துவிடும். பதினான்கு, பதினைந்து வயதிலேயே, மாணவனையும் அமரவைத்துக்கொண்டு பேசத்தொடங்க வேண்டும். பேச இயலாதவனுக்குப் படங்களும் சைகைகளும் உள்ளன.

திருச்சபை இதில் பின்தங்கியது என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிஷனெரிப் பெண்மணிகள் பார்வையற்றோர்க்கும் காதுகேளாதோர்க்கும் பள்ளிகளைத் தொடங்கினர். ஆனால் பள்ளியோடு நம் கற்பனை நின்றுவிட்டது. 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கச் சட்டத்தைத் திருத்தியது. ஊராட்சிக்கு அவர்கள் கருத்துத் தேவை என்று அரசு கருதும்போது, நம் சேகரக் கமிட்டிகளில் எத்தனை பேர் அமர்ந்திருக்கின்றனர்?

அமுதவனைக் குறைகூறும் தகுதி எனக்குண்டோ என்பதும் ஐயமே. பல ஆண்டுகளுக்கு முன் அறந்தாங்கி வட்டத்திலுள்ள ஒரு சிறு சபையில், திடப்படுத்தல் வகுப்பிற்குத் தன் மகளையும் சேர்க்கவேண்டுமென்று ஒரு தாய் என்னைக் கேட்டார். அப்பெண்ணுக்கு அப்போது வயது பதினாறு, பேச்சு தெளிவில்லை, பாடல்களுக்குத் தலையசைப்பாள். வினாவிடையை மனப்பாடம் செய்ய இயலாதே என்று எண்ணி, “அடுத்த ஆண்டு பார்ப்போம் அம்மா” என்றேன். அடுத்த ஆண்டு எனக்கு மாற்றலாகிவிட்டது. அண்மையில் ஒரு திருமணத்திற்காக அங்குச் சென்றபோது அவளைக் கண்டேன். இருபத்தாறு வயதுப் பெண், பின்வரிசையில் தாயின் அருகே அமர்ந்திருந்தாள். திருவிருந்தின்போது தாய் எழுந்து முன்னே வந்தார். அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள். ஆராதனை முடிந்தபின் நான் தாயிடம் நலம் விசாரித்தேன். மகள் எப்படியிருக்கிறாள் என்றும் தாயிடமே கேட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.