பனி இறுக்கிய மண்ணா?

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் இறுகிய அடிமண்ணின் மேல் வளர்ந்த சிட்கா ஸ்ப்ரூஸ் மரம் புயலில் சாய்ந்தால், வேர்த்தொகுதி ஒரு பெரிய தாம்பாளத்தைப் போலத் தட்டையாக எழும்பி நிற்கும். சுமார் அரை மீட்டர் ஆழத்திலேயே வேர் துளைக்க முடியாத மண்தட்டு வழியை மறித்துவிடுகிறது.

அந்தத் தட்டிலிருந்து ஈரமான கட்டி ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவே அழுத்திப் பாருங்கள். நெகிழாது, பிசைய வராது. சற்று நேரம் எதிர்த்து நின்று, படக்கென்று உடையும். காய்ந்த கட்டியோ செங்கல்லைப் போலிருக்கும். ஆனால் தண்ணீரில் போட்டால் கரைந்து சரிந்துவிடும். சிமென்ட் போன்ற வலுவான பிணைப்பு அதில் இல்லை. இவ்வகை அடுக்கை அமெரிக்க மண்ணியலார் ஃபிராஜிபான் என்கிறார்கள்.

இது எப்படி உருவானது? 1956இல் அபர்டீனைச் சேர்ந்த மண்ணியலாளர் ஃபிட்ஸ்பேட்ரிக் சொன்ன விடை: பனியுகத்தில் ஆண்டு முழுதும் உறைந்து கிடந்த நிலத்தின் எச்சம். நிலம் உறையும்போது, உறைந்துவரும் விளிம்பு சுற்றியுள்ள நீரைத் தன்பக்கம் இழுக்கிறது. அந்த நீர் மண்ணுக்குள் மெல்லிய பனிவில்லைகளாகத் திரள்கிறது. இரண்டு வில்லைகளுக்கு நடுவில் சிக்கிய மண், நீரை இழந்து நெருங்கி இறுகுகிறது. பின்னாளில் பனி உருகினாலும் இறுக்கம் போவதில்லை. மண் தகடுதகடாகப் பிரிவது மட்டும் வில்லைகளின் தடமாக மிஞ்சுகிறது.

இந்த விளக்கத்தின் வலிமை பெரிது. கத்தியால் வெட்டியதுபோல் தட்டின் மேல்விளிம்பு தெளிவாக இருப்பது ஏன்? கோடையில் மண் உருகிய ஆழம் அதுவரைதான். கற்களின் தலைமேல் நுண்வண்டல் தொப்பியாகப் படிந்திருப்பது ஏன்? இன்றும் உறைந்திருக்கும் ஸ்வால்பார்டு மண்ணிலும் அதே தொப்பிகள் உண்டு. ஒரே காரணம் இத்தனை தடயங்களையும் கோத்துக்கொடுப்பது அழகு.

அந்த அழகே பலரை மயக்கியும் விட்டது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலும் ஃபிராஜிபான் ஏராளம். பனிப்படலமும் நிரந்தர உறைநிலமும் அங்கே எட்டவே இல்லை. அங்குள்ளது காற்று கொண்டுவந்து குவித்த வண்டல். அத்தகைய தளர்ந்த வண்டல் நனைந்து, தன் பாரத்தாலேயே அமுங்கி இறுகும் என்று 1989இல் மண்ணியலாளர் ரே பிரையன்ட் விளக்கினார். தகடாகப் பிரிவதும் உறுதியான சான்று அல்ல. குளிர்காலத்தில் மட்டும் உறைகிற மண்ணிலும் அது உண்டு. எல்லாவற்றையும்விட, பனி மண்ணை நெருக்கியது என்றால் அடர்த்திக்கு விடை கிடைக்கிறது, நொறுங்கும் தன்மைக்குக் கிடைப்பதில்லை. மண்துகள்களுக்கிடையே களியும் சிலிக்காவும் போட்ட மெல்லிய பாலங்களே அதற்குக் காரணம் என்போர் பலர். அப்படியானால் அது பனி போனபின் நடந்த வேலை.

ஸ்காட்லாந்துக்கு ஃபிட்ஸ்பேட்ரிக் சொன்னது பொருந்துகிறது என்றே நான் கருதுகிறேன். அதை உலகுக்கெல்லாம் விதியாக்கியதுதான் பிழை. எது காரணம் என்பது வெறும் ஏட்டுச் சண்டை அன்று. பனி செய்த இறுக்கமென்றால், அதைச் செய்த பனி இன்றில்லை; ஒருமுறை உடைத்தால் அதே வழியில் மறுபடி இறுகாது. நனைந்து அமுங்கிய இறுக்கமென்றால், உளிக்கலப்பை கிழித்த வண்டல் அடுத்த மழைகளில் மறுபடி அமுங்கக் கூடும். கென்டக்கியில் ஆய்வாளர்கள் ரைகிராஸ் புல்லை வளர்த்து, அதன் வேரைக்கொண்டு தட்டைத் தளர்த்த முயல்வது இதனால்தான் கவனிக்கத்தக்கது.

இறுகிய தட்டைக் கண்டதும் ‘இங்கே உறைநிலம் இருந்தது’ என்று பழங்காலத் தட்பவெப்ப வரைபடத்தில் கோடு போடும் வழக்கம் நிற்க வேண்டும். நிலத்தில் பனி ஆப்புகள் விட்ட வடுக்கள் போன்ற தனிச் சான்று கிடைத்த பிறகே அந்தக் கோட்டைப் போடுங்கள்.