உதவிக்கும் உரிமைக்கும் இடையில்: உயர்கல்வியில் உடற்பேறு குறைந்த மாணவர்கள் – ஒரு திறனாய்வு

1. முன்னுரை

கம்போங் மேடானிலிருந்து மலாயாப் பல்கலைக்கழகம் வெகுதொலைவில் இல்லை. சொந்த வாகனம் உடையவர் பழைய கிள்ளான் சாலை வழியாகவோ கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகவோ சற்று நேரத்தில் வந்து சேர்ந்துவிடலாம். பொதுப் போக்குவரத்தை நம்பியிருக்கும் மாணவர், கம்போங் டத்தோ ஹருண் நிலையத்தில் மின்தொடர்வண்டி ஏறி, பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி, இலகு இரயிலுக்கு மாறி, யுனிவர்சிட்டி நிலையத்திலிருந்து பேருந்து பிடித்து வளாகத்திற்குள் வரவேண்டும். அம்மாணவர் பார்வையற்றவராகவோ சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவராகவோ இருப்பின், ஏறுமிடம், மாறுமிடம், இறங்குமிடம் ஒவ்வொன்றும் தனித்தனிக் கேள்வியாகிறது. மின்தூக்கி இயங்குகிறதா? நடைபாதையில் மோட்டார் சைக்கிள் நிறுத்தப்பட்டுள்ளதா? பேருந்தில் ஏற இயலுமா? விரிவுரை தொடங்குவதற்கு முன்னரே அவருடைய ஆற்றலில் பெரும்பங்கு செலவாகிவிடுகிறது.

கம்போங் மேடான் என்றதும் நம் நினைவுக்கு வருவது 2001 மார்ச்சில் அறுவர் உயிரிழந்த மோதலே. அதன்பின் தோட்டங்களிலிருந்து பெயர்ந்து நகர்ப்புறப் புறம்போக்குக் குடியிருப்புகளில் ஒதுங்கிய மக்களின் வறுமை பற்றி நிறையப் பேசப்பட்டது, எழுதப்பட்டது. வீடு, வேலை, பள்ளி, இளைஞர் வன்முறை ஆகியன அவ்விவாதத்தில் இடம்பெற்றன. அத்தகைய குடியிருப்பில் பிறந்த உடற்பேறு குறைந்த ஒருவரும் பல்கலைக்கழகத்திற்கு வரக்கூடும், அவருக்கு அங்கே என்ன காத்திருக்கிறது என்னும் வினா எழுப்பப்பட்டதாக என் வாசிப்பில் காணக்கிடைக்கவில்லை.

இக்கட்டுரை அவ்வினாவை எடுத்துக்கொள்கிறது. நம் நாட்டு உயர்கல்வி நிலையங்களில் இம்மாணவர்க்கான துணைச்சேவைகள் உரிமை என்ற சொல்லால் அறிவிக்கப்பட்டு, உதவி என்ற மனப்பான்மையால் நடத்தப்படுகின்றன என்பதே இதன் கருத்து. இக்குறை அரசிடமும் நிருவாகத்திடமும் மட்டுமன்றித் தமிழ் கற்பிக்கும் நம்மிடமும் உள்ளது என்பதையும் இது சுட்ட முயல்கிறது.

2. சொல்லும் நோக்கும்

தமிழ் மரபு இப்பொருளில் ஒரே குரலில் பேசவில்லை. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 28ஆம் பாடல், பார்வையின்மை, கூன், குறள், ஊமை, செவிடு முதலிய எட்டு வகைப் பிறப்புகளைத் தொகுத்து, அவற்றைப் பயனற்ற பிறப்புகளாகக் காட்டுகிறது. திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரமோ, பொறியில்லாமை எவர்க்கும் பழியாகாது என்கிறது. எனினும் அங்கே ‘பொறி’ என்பதற்கு உடலுறுப்பு எனப் பொருள் கொள்வாரும் உளர். பரிமேலழகர் கொண்டதுபோல் ஊழ் எனப் பொருள் கொள்வாரும் உளர். உறுப்பென்று கொண்டாலும் அக்குறள் முயற்சியின் பொறுப்பை மாணவனிடமே வைக்கிறது. அவனைச் சூழ்ந்த ஊரின் பொறுப்பைப் பற்றிப் பேசவில்லை.

இக்காலச் சொற்களிலும் இத்தடுமாற்றம் தொடர்கிறது. தமிழ்நாட்டு அரசு 2010இல் ‘ஊனமுற்றோர்’ என்பதைக் கைவிட்டு ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல்லை ஏற்றது. மலேசியத் தமிழ் நாளிதழ்கள் ‘உடற்பேறு குறைந்தோர்’ என்று எழுதிவருகின்றன. ‘ஓராங் குராங் உப்பாயா’ என்னும் மலாய்த் தொடரின் நேர்ப்பொருள் ஆற்றல் குறைந்தவர் என்பதாகும். இவற்றுள் எதை ஏற்பினும், குறையையோ மாற்றையோ மனிதரிடமே இச்சொற்கள் வைக்கின்றன என்பதை மறுக்க இயலாது. 2008ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டம் (சட்டம் 685) தரும் வரையறையோ இவற்றைவிட முன்னேறியது. நீண்டகால உடல், உள, அறிவு, புலன் குறைபாடுகள் பல்வேறு தடைகளோடு சேரும்போது ஒருவரின் முழுமையான பங்கேற்பு தடைபடக்கூடும் என்கிறது அது. குறைபாட்டோடு தடையையும் சேர்த்தே எண்ணச் சொல்லும் சட்டம் அது. நம் நடைமுறை அவ்வரையறையின் முற்பகுதியை மட்டுமே படித்திருக்கிறது.

3. சட்டம் தருவதும் தராததும்

2008 ஜூலை 7ஆம் நாள் நடப்புக்கு வந்த அச்சட்டத்தின் 28ஆம் பிரிவு உயர்கல்வியைப் பெயர்சொல்லியே குறிப்பிடுகிறது. உடற்பேறு குறைந்தமையைக் காரணமாக்கி எவரையும் பொதுக் கல்வி முறையிலிருந்து விலக்கலாகாது என்கிறது. கட்டட வசதி, கருவி, பாடப்பொருள், கற்பிக்கும் முறை, கலைத்திட்டம் ஆகியவற்றில் அவரவர் தேவைக்கேற்ற தகுந்த ஏற்பாட்டினை அரசும் தனியார் கல்வி நிலையங்களும் செய்துதர வேண்டும் என்றும் கூறுகிறது. கருத்தளவில் இதைவிட விரிவாக ஒரு பிரிவை எழுதுவது எளிதன்று.

ஆயினும், இப்பிரிவை மீறிய நிலையத்திற்கு என்ன தண்டனை என்பதை 2008இல் இயற்றப்பட்ட அச்சட்டம் கூறவில்லை. மாறாக, நல்லெண்ணத்தோடு செய்ததற்கும் செய்யத் தவறியதற்கும் அரசின்மீது வழக்குத் தொடுக்க இயலாதவாறு அதன் 41ஆம் பிரிவு காப்பளித்தது. கூட்டரசு அரசியலமைப்பின் 8(2)ஆம் பிரிவு, பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களாகச் சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றைக் கூறுகிறது. 2001இல் பாலினம் அதில் சேர்க்கப்பட்டது; உடற்பேறு குறைவு சேர்க்கப்படவில்லை. 2010இல் ஐக்கிய நாடுகள் அவையின் உடற்பேறு குறைந்தோர் உரிமை உடன்படிக்கையை நம் நாடு ஏற்புறுதி செய்தது. 2019இல் உயர்கல்வி நிலையங்களுக்கென உள்ளடக்கக் கொள்கை வழிகாட்டி ஒன்றும் வெளிவந்தது. எனினும் வழிகாட்டி வழியைக் காட்டுமேயன்றி நடக்கவைக்காது.

ஒப்பீட்டிற்கு இந்தியாவைக் காணலாம். அந்நாட்டின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசு உயர்கல்வி நிலையங்களிலும் அரசு உதவிபெறும் நிலையங்களிலும் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை ஒதுக்குகிறது. மீறுவோர்க்குத் தண்டமும் விதிக்கிறது. 2021 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், எழுதும் கை இசைவு தராத ஒரு தேர்வரின் வழக்கில், குறிப்பிட்ட விழுக்காட்டு ஊனச் சான்று இல்லாதவரும் தேர்வில் எழுதித்தருவோரைப் பெற உரியவர் எனத் தீர்ப்பளித்தது. இதனால் இந்தியக் கல்லூரிகளில் யாவும் செம்மையாகிவிட்டன எனக் கொள்ளலாகாது. ஆனால் அங்கே மறுக்கப்பட்ட மாணவர் ஒருவர் சென்று தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கிறது.

4. கேட்டால் மட்டுமே கிடைப்பது

துணைச்சேவை நடைமுறையில் எவ்வாறு இயங்குகிறது? முதலில் மாணவர் சமூகநல இலாகாவில் பதிந்து அட்டை பெற்றிருக்க வேண்டும். செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், உளநலம், பல்வகை என அப்பதிவு 7 வகைப்படும். அட்டை இருந்தால் உயர்கல்விக்கான சிறப்பு நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அட்டையைத் தவிர்க்கும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. உடன்பிறந்தாளின் திருமணப் பேச்சில் அது தடையாகுமோ என அஞ்சுவோரை நாம் அறிவோம். கண்ணுக்குத் தெரியாத கற்றல் இடர்ப்பாடோ உளநலக் குறைவோ உடையவர் அட்டைக்குச் செல்வதே இல்லை. அவர்கள் கணக்கில் வருவதில்லை. கணக்கில் வராதோர்க்குச் சேவையும் இல்லை.

அட்டை பெற்ற பின்னரும் மாணவர் ஒவ்வொரு பருவமும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியுள்ளது. மாடி வகுப்பைக் கீழ்த்தளத்திற்கு மாற்றக் கேட்க வேண்டும். விரிவுரைக் குறிப்பை முன்கூட்டித் தரக் கேட்க வேண்டும். தேர்வில் கூடுதல் நேரம் கேட்க வேண்டும். ஒரு விரிவுரைஞர் உடனே இசைவார், மற்றொருவர் மறந்துவிடுவார், மூன்றாமவர், ‘மற்ற மாணவர்க்கு அநீதியாகாதா?’ என வினவுவார். கேட்பவர் எப்போதும் நன்றியுடையவராகவும் இனிமையாகவும் இருந்தாக வேண்டும். உரிமை உடையவர் சினங்கொள்ளலாம். உதவி பெறுபவர் சினங்கொள்ள இயலாது. இவ்விரண்டு நிலைகளின் வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது.

இவ்வகையில் அமெரிக்காவின் பெர்க்கிலி வளாக வரலாறு கருதத்தக்கது. இளம்பிள்ளைவாதத்தால் உடலசைவு இழந்த எட் ராபர்ட்ஸ் 1962இல் அங்கு மாணவராகச் சேர்ந்தபோது, அவரைத் தங்கவைக்க விடுதியில் வழியின்றி வளாக மருத்துவமனையில் இடமளித்தனர். அவரைத் தொடர்ந்து வந்த மாணவர்கள் ஒன்றிணைந்ததன் விளைவாக 1970இல் அங்கே ஒரு துணைச்சேவைத் திட்டம் தோன்றியது. அதனை வகுத்தவர்களும் நடத்தியவர்களும் பெரும்பாலும் உடற்பேறு குறைந்த மாணவர்களே. நோயாளிகளாகக் கருதப்பட்டோர் சேவையின் வடிவத்தைத் தாமே தீர்மானித்தனர். நம் நிலையங்களில் இத்தகைய குழுக்களில் அம்மாணவர்க்கு முடிவெடுக்கும் இடம் உண்டா என்பது கேட்கப்பட வேண்டிய வினா.

‘இத்தகையோர் மிகச் சிலரே, அவர்க்காக இவ்வளவு செலவா?’ என்பது வழக்கமான மறுப்பு. வாயிலில் படிகளை வைத்துவிட்டு, சக்கர நாற்காலியில் வருவோர் சிலரே என எண்ணிக்கை கூறுவது வாதமாகாது. மேலும், அளவுக்கு மீறிய சுமையாகும் ஏற்பாட்டைச் சட்டமும் கோரவில்லை. பெரும்பாலான ஏற்பாடுகள் பணத்தைவிட முன்யோசனையையே வேண்டுவன.

5. நம் நூலடுக்கு

இனி நம் வீட்டிற்கு வருவோம். சிங்கப்பூரில் 1956இல் தொடங்கி 1959இல் கோலாலம்பூருக்கு மாறிய இந்திய ஆய்வியல் துறை, தமிழை உயர்கல்வி மொழியாக இந்நாட்டில் நிலைநிறுத்தியது. இத்துறையில் சேரும் பார்வையற்ற மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்வோம். வளாகத்திற்கு வரும் வழியில் அவள் இரயில் மாறும் பிரிக்பீல்ட்ஸில், 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் தொழிற்பயிற்சியும் மறுவாழ்வும் தந்துவருகிறது. அவள் தேடி வந்திருப்பதோ தமிழிலக்கியம். அவளால் எதைப் படிக்க இயலும்?

2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பான் தமிழையும் ஒலியாக்கித் தரவல்லது. ஆனால் அதற்கு ஒருங்குறியில் அமைந்த உரை வேண்டும். நம்மிடமுள்ள ஆய்வேடுகளும் கட்டுரைகளும் மாநாட்டு மலர்களும் பெரும்பாலும் இரு வகையின. ஒன்று, ஒளிவருடியில் படமாக எடுக்கப்பட்டவை. திரைவாசிப்பானுக்கு அவை வெற்றுத்தாள்கள். மற்றொன்று, திஸ்கி, டாப், டாம் முதலிய பழைய குறியீட்டு எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. கண்ணுக்கு அவை தமிழாகத் தெரியும். திரைவாசிப்பானோ பொருளற்ற அயல் எழுத்துகளைப் படித்து ஒலிக்கும். கணினித் தமிழில் மலேசியர் முன்னோடிகள் எனப் பெருமைகொள்கிறோம். அப்பெருமையின் பயன் இம்மாணவியின் செவியை எட்டவில்லை.

1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதல் இக்கால இலக்கியம் வரை பலவற்றைத் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கினர். அவை இன்று ஒருங்குறியிலும் கிடைக்கின்றன. ஆகவே அம்மாணவி புறநானூற்றைத் தானே படிக்க இயலும். தன் நாட்டுச் சிறுகதைத் தொகுப்பைப் படிக்க இயலாது. சிறு எண்ணிக்கையில் அச்சிடப்பட்டு, எழுத்தாளர் கையிருப்பில் தீர்ந்துபோன மலேசியத் தமிழ் நூல்களுக்கு அத்தகைய உரைவடிவம் அரிது. பதிப்புரிமையைக் காரணம் காட்டுவதும் இனி பொருந்தாது. அச்சைப் படிக்க இயலாதோர்க்கு நூல்களை ஏற்ற வடிவில் மாற்றித்தர வழிசெய்யும் 2013ஆம் ஆண்டு மராக்கேஷ் உடன்படிக்கையில் மலேசியா 2022இல் இணைந்துள்ளது.

தேர்விலும் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. மாணவி சொல்ல மற்றொருவர் எழுதும்போது, லகர ளகர ழகர மயக்கத்திற்கும் விடுபட்ட ஒற்றுக்கும் யார் பொறுப்பு? எழுதுபவரின் பிழைக்கு அவள் மதிப்பெண் இழப்பதும், எழுதுபவரின் புலமையால் அவள் மதிப்பெண் பெறுவதும் இரண்டுமே தவறு. கணினியில் தானே தட்டச்சு செய்து விடையளிக்கும் வாய்ப்பு இச்சிக்கலைத் தீர்க்கும். அவ்வாறே, செவிப்புலன் குறைந்த மாணவர்க்குத் தமிழ் விரிவுரையை மலேசியச் சைகைமொழியில் பெயர்த்துத்தர, அவ்விரு மொழியும் அறிந்தவர் வேண்டும். அத்தகையோரை உருவாக்குவது தமிழ்த்துறைகளின் கடமையன்றி வேறெவர் கடமை?

6. பாராட்டு என்னும் திரை

தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில் நம் நாளிதழ்களில் ஒரு வகைச் செய்தி தவறாமல் இடம்பெறும். ‘குறையை வென்ற மாணவர்’ என்ற தலைப்பும், பொன்னாடையும், காசோலை வழங்கும் படமும் அதன் கூறுகள். பாராட்டுவோரின் நல்லெண்ணத்தை ஐயுறுவதற்கில்லை. ஆயினும் அச்செய்தியின் அமைப்பை ஆய்ந்தால், அதில் தாயின் தியாகம் இருக்கும். மாணவரின் மனவுறுதி இருக்கும். நன்கொடையாளர் பெயர் இருக்கும். அவர் ஏறமுடியாத படிகளைக் கட்டியவர் யார் என்பது இராது. வென்ற ஒருவரைப் புகழும் அச்செய்தி, வெல்ல இயலாமல் இரண்டாம் பருவத்தில் படிப்பை விட்டுப்போனவரை மறைமுகமாகக் குற்றஞ்சாட்டுகிறது. பொன்னாடை ஒருநாள் நிகழ்ச்சி. விரிவுரை மண்டபத்துக்குச் செல்வதோ ஒவ்வொரு நாள் நிகழ்ச்சி.

7. முடிவுரை

ஒரு நிலையத்தின் துணைச்சேவையை மதிப்பிட, அது வெளியிடும் கையேட்டையோ நடத்தும் விழாவையோ அளவுகோலாகக் கொள்ளலாகாது. கம்போங் மேடானிலிருந்து வரும் அம்மாணவி, பிற மாணவர் வரும் அதே நேரத்தில் வகுப்பிற்கு வருகிறாளா, அவர்கள் படிக்கும் அதே வாரத்தில் அதே பாடநூலைப் படிக்கிறாளா, யாரிடமும் நன்றி கூறாமல் இவற்றைச் செய்கிறாளா என்பனவே அளவுகோல்களாகும்.

சட்டத்திற்குப் பல் வேண்டும் என நாடாளுமன்றத்தை நோக்கிக் கேட்க வேண்டியது நம் கடமை. அதுவரை காத்திராமல் நாமே செய்யக்கூடியனவும் உள. இனி எழுதப்படும் ஆய்வேடுகளை ஒருங்குறி உரைவடிவிலும் பெறுதல். பழைய எழுத்துருக் கோப்புகளை மாற்றும் பணியை மாணவர் பயிற்சியாகவே ஒப்படைத்தல். பருவம் தொடங்குமுன் பாடப்பொருள்களை அனைவர்க்கும் மின்வடிவில் வழங்குதல். கணினிவழித் தேர்வை விண்ணப்பமின்றியே கிடைக்கச் செய்தல் ஆகியன அவை. இவற்றுள் எதற்கும் புதிய கட்டடம் தேவையில்லை. இப்பக்கங்களையும் அம்மாணவி படிக்கக்கூடிய வடிவில் வெளியிடுவதிலிருந்து நாம் தொடங்கலாம்.