ஸ்பிரிங்கை மாற்றினால் தூரம் கூடுமா?

நெர்ஃப் பொம்மைத் துப்பாக்கிகளைப் பிரித்து மேம்படுத்தச் சொல்லித்தரும் வழிகாட்டிகளைக் கொஞ்ச நாளாக வரிசையாகப் படித்து வருகிறேன். பெரும்பாலும் அமெரிக்கர்கள் எழுதியவை. எந்தத் திருகை எப்போது கழற்றணும் என்பதுவரை பொறுமையாகச் சொல்கிறார்கள், அதில் குறையே இல்லை. ஆனால் ஏறக்குறைய எல்லாமே ஒரே மாதிரி தொடங்குகின்றன: ஏர் ரெஸ்ட்ரிக்டரைப் பிடுங்கி எறி, கூட வந்த ஸ்பிரிங்கை எடுத்துட்டு பலமானதைப் போடு. இந்த வரிசையே தப்பு என்பது என் கட்சி.

உள்ளே நடப்பது சைக்கிள் பம்ப் வேலைதான். ஸ்பிரிங் பிளஞ்சரைத் தள்ளும், பிளஞ்சர் காற்றை அழுத்தும், காற்று டார்ட்டைத் தள்ளும். ஒரு டார்ட் சுமார் 1 கிராம், விட்டம் அரை அங்குலம். (சக்கரம் சுழற்றி எறியும் ஸ்ட்ரைஃப் வகை வேறு கதை, பேட்டரி, மோட்டார் என்று போகும். இங்கே வேண்டாம்.)

இனி கணக்கு. இவ்வளவு லேசான, இவ்வளவு தடிமனான பொருளுக்குக் காற்றுதான் முதல் எதிரி. காற்றின் இழுவை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. இழுவைக் கெழு 0.7 என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன்: எந்த வேகத்தில் கிளம்பினாலும் சுமார் 13 மீட்டரில் பாதி வேகம் போய்விடுகிறது. 20 மீட்டர் வேகத்தில் கிளம்பினது 10 ஆகும். 40இல் கிளம்பினது 20 ஆகும். அதாவது வேகத்தை இரட்டிப்பாக்கி நாம் வாங்குவது கூடுதலாக ஒரு 13 மீட்டர், அதுவும் டார்ட் கீழே விழாமல் இருந்தால். விழத்தானே செய்யும்! தோளளவு, 1.3 மீட்டர் உயரத்திலிருந்து நேராகச் சுட்டால் முதலாவது 8 மீட்டர் சொச்சத்தில் தரையைத் தொடும், இரண்டாவது 14 மீட்டரில். எலைட் பெட்டிகளில் போட்டிருந்த 90 அடி, அதாவது 27 மீட்டர், துப்பாக்கியை மேல்நோக்கிச் சாய்த்தால் வரும் சமாச்சாரம்.

இதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்க. இரட்டை வேகத்துக்கு நான்கு மடங்கு ஆற்றல் வேண்டும். பிளஞ்சர் போகும் தூரம் மாறாதபோது ஸ்பிரிங்கின் விசையும் அதே கணக்கில் ஏறணும். அந்த விசை முழுவதையும் தாங்கி நிற்பது கேட்ச் என்கிற சின்ன பிளாஸ்டிக் துண்டு. விளிம்பு மழுங்கும், அப்புறம் தானாகவே வழுக்கிச் சுடும்.

ரெஸ்ட்ரிக்டர் கதை இன்னும் சுவாரஸ்யம். பல மாடல்களில் அது, டார்ட் உள்ளே இருந்தால் மட்டும் திறக்கும் ஒரு குட்டி வால்வு. டார்ட் இல்லாமல் விசையை அழுத்தினால் மூடியபடியே இருக்கும். வெளியேற முடியாத காற்று பிளஞ்சருக்கு மெத்தையாகிறது. டார்ட் அல்லாத கண்டதையும் போட்டுச் சுடுவதும் அதனால் நடக்காது. வழிகாட்டிகள் இதை வெறும் முட்டுக்கட்டையாகவே பார்க்கின்றன. மெத்தையை எடுத்துவிட்டு, நான்கு மடங்கு ஸ்பிரிங்கைப் போட்டு, வெறுமனே இரண்டு தடவை சுட்டால் குழாயின் முகப்பு விரிசல் விடுவதில் என்ன அதிசயம்? எடுத்தே தீரணும் என்றால் பிளஞ்சர் தலையில் ரப்பர் ஒட்டுங்க, பிளஞ்சர் தண்டின் பொள்ளலில் எபாக்ஸி நிரப்புங்க. இது பல வழிகாட்டிகளில் 'விருப்பமிருந்தால்' என்று கடைசியில் வருகிறது. முதலில் வர வேண்டியது இதுதான்.

அதைவிட மலிவான வழி கசிவை அடைப்பது. ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, காற்று வெளியேறும் துளையை விரலால் மூடிக்கொண்டு பிளஞ்சரைக் கையால் தள்ளுங்க. நின்று திமிறினால் நல்லது. புஸ்ஸென்று உள்ளே போனால், எந்த ஸ்பிரிங் போட்டாலும் அதில் ஒரு பங்கு வீண். ஓ-ரிங்குக்கு அடியில் குழாய்க்காரர் சுற்றும் டெஃப்ளான் டேப் இரண்டு சுற்று, மேலே சிலிகோன் கிரீஸ், அவ்வளவுதான். பெட்ரோலிய கிரீஸ் வேண்டாம். ரப்பரையும் சில பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். டார்ட்டும் முக்கியம். நீள டார்ட் பறக்கும்போது வாலாட்டுகிறது; பாதி நீள டார்ட்டில் எடை முனையிலேயே இருப்பதால் நேராகப் போகிறது, பேரலில் உராய்வும் குறைவு. ஆனால் அதற்கேற்ற பேரலும் மேகசினும் வேண்டும்.

என்னை உறுத்துவது இன்னொன்று. மேலே சொன்ன கணக்கில் துப்பாக்கி வாயருகே ஆற்றல் 0.2 ஜூலிலிருந்து 0.8க்கு ஏறுகிறது. 26 மீட்டரில் அது 0.05 மட்டுமே. கூட்டின பலத்தின் பெரும்பகுதி தூரத்துக்குப் போகவில்லை, பக்கத்தில் நிற்பவருக்குப் போகிறது. 2017இல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை மருத்துவர்கள் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் இதழில், நெர்ஃப் டார்ட் பட்டுக் கண்ணுக்குள் ரத்தம் கசிந்த 3 பேரைப் பற்றி எழுதினார்கள். இருவர் பெரியவர்கள், ஒருவருக்கு வயது 11. ஸ்பிரிங் மாற்றுவது பற்றிய கட்டுரை அல்ல அது. 2015இல் வந்த ரைவல் வரிசையைத் தயாரித்தவர்களே 14 வயதுக்கு மேல் என்று போட்டார்கள். 1969இல் வீட்டுக்குள் எறிந்தாலும் எதுவும் உடையாத பந்தாக ஆரம்பித்த பெயர் இது.

கண்ணாடி போடுங்கள் என்று வழிகாட்டிகளும் ஒரு வரி எழுதுகின்றன. ஆனால் ஒரு மீட்டரில் என்ன வேகம், பத்து மீட்டரில் என்ன வேகம் என்று இரண்டையும் அளந்து அருகருகே போட்டது, நான் படித்தவற்றில் ஒன்றுகூட இல்லை.