தளபதி தேர்தலில் நின்றால்: 2010 இலங்கைத் தேர்தல் பற்றி ஒரு குறிப்பு

எங்க மீன்சுருட்டிக்குப் பக்கத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம். அங்கே போகும்போதெல்லாம் திருவாலங்காட்டுச் செப்பேடு ஞாபகம் வரும். கங்கை வரை படையோடு போனவர் தளபதி. ராஜேந்திரன் அவரை எதிர்கொண்டது கோதாவரிக் கரையில் என்கிறது அது. பேர் மட்டும் ராஜாவுக்கு. அந்தக் காலத்தில் தளபதி ராஜாவை எதிர்த்துத் தேர்தலில் நிற்க முடியாது, அதனால் சிக்கல் இல்லை.

நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 2010 ஜனவரி 26-ல் நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தல்தான் பாடம். 2009 மே மாதம் போர் முடிந்தபோது ராணுவத் தளபதியாக இருந்தவர் சரத் பொன்சேகா. எட்டே மாதத்தில் அவர் மகிந்த ராஜபக்சவின் எதிர் வேட்பாளர். நேற்றைய வீரர் இன்றைய துரோகி ஆனார்.

2004-ல் அமெரிக்காவில் ஜான் கெர்ரிக்கு நடந்ததும் இதேதான். வியட்நாமில் அவர் வாங்கிய பதக்கங்களையே சந்தேகத்துக்கு உள்ளாக்கினார்கள். எதிராளியின் பலம் எதுவோ அதிலேயே அடிப்பது என்பதுதான் உத்தி.

இந்த உத்தியில் எனக்கு உறுத்துவது வேறு இடம். வெள்ளைக் கொடியோடு சரணடைய வந்த புலித் தலைவர்களைக் கொல்ல கோத்தபாய ராஜபக்ச உத்தரவிட்டார் என்று பொன்சேகா சொன்னதாக 2009 டிசம்பரில் ‘சண்டே லீடர்’ பத்திரிகையில் செய்தி வந்தது. பிறகு அவரே விளக்கம் சொல்லிப் பின்வாங்கினார். நியாயமாக அடுத்து எழ வேண்டிய கேள்வி, “அப்படி நடந்ததா?” என்பது. பிரசாரத்தில் எழுந்ததோ, “இதை எப்படி வெளியே சொல்லலாம்?” என்பது. ராணுவப் பதிவைத் தாக்கினார்களே தவிர, அந்தப் பதிவைத் திறந்து பார்க்க யாருக்கும் மனசு இல்லை. பொன்சேகா தரப்புக்கும்தான். வெற்றியில் பங்கு கேட்டவர், பொறுப்பில் பங்கு கேட்கவில்லை.

மகிந்தவுக்குச் சுமார் 58 சதவீதம், பொன்சேகாவுக்கு 40. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பொன்சேகாவே முன்னணி. தங்கள் மேல் நடந்த போரின் இரண்டு உரிமையாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை அந்த மக்களுக்கு!

பிப்ரவரி 8-ல் பொன்சேகா கைதானார். ராணுவ நீதிமன்றம் பதவியையும் பதக்கங்களையும் பறித்தது. வெள்ளைக் கொடி வழக்கில் 2011-ல் மூன்று வருடம் சிறை. தண்டனை செய்தவர்களுக்கு இல்லை, சொன்னவருக்கு. 2015-ல் ஆட்சி மாறியதும் எல்லாம் திரும்பக் கிடைத்தது, மேலே ஃபீல்ட் மார்ஷல் பட்டமும்.

அவர் மேல் எனக்குப் பரிதாபம் இல்லை. ஒன்றே ஒன்றுதான் சொல்ல வந்தேன்: ஒருத்தரின் போர்க்களக் கணக்கை மேடையில் யாராவது கிழிக்கும்போது, அந்தக் களத்தில் செத்தவர்களைப் பற்றி ஒரு வரியாவது வருதா என்று பாருங்க.